கொழுப்பு மட்டும் குறைந்தால் தண்ணீர் என்று சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேரையூர் வட்டத்தில் கறவை மாடு வைத்துப் பிழைக்கிறவள் நான். எங்கள் பக்கத்தில் ஒரு பால் சங்கத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே பால் ஊற்றும் ஒரு அக்காவின் பாலில் கொழுப்பு 4 சதவீதத்திலிருந்து 3-க்கு இறங்கிவிட்டது. தண்ணீர் கலந்திருக்கிறது என்று வரிசையில் எல்லோர் முன்பும் சொல்லி, பணத்தையும் பிடித்துவிட்டார்கள்.

பால் சோதனைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். எஸ்.என்.எஃப்., அதாவது புரதம், லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை போன்ற கொழுப்பு அல்லாத திடப்பொருள், 8.4 சதவீதம், வழக்கம் போலத்தான். கொழுப்பு இவ்வளவு குறையுமளவுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால் எஸ்.என்.எஃப்.பும் அதே போலக் கால் பங்கு குறைந்து 6.3-க்கு வந்திருக்குமே! ஆடை எடுத்தால் கொழுப்பு மட்டும் குறையும், சரி. ஆனால் அவர் கறந்த சூடு ஆறுவதற்குள், ஆடை படியும் முன்பே, கொண்டுவந்து ஊற்றுகிறவர்.

காரணம் தீவனம். கன்று போட்ட மாடு என்று பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்து நிறையக் கொடுத்திருக்கிறார், கடலை எண்ணெயும் ஊற்றியிருக்கிறார். எண்ணெய் போனால் பாலில் கொழுப்பு ஏறும் என்றுதான் ஊரில் எல்லோரும் நம்புகிறோம். அளவு மீறினால் நடப்பது வேறு. மாட்டின் பெரிய வயிற்றில் வைக்கோலையும் தட்டையையும் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களை எண்ணெய் முடக்கிவிடும். அந்த நாரிலிருந்து கிடைக்கும் அசிட்டிக் அமிலத்தை வைத்துத்தான் மடி கொழுப்பைப் பெருமளவு உண்டாக்குகிறது. போதாததற்கு, எண்ணெய் அங்கே அரைகுறையாக மாறி உண்டாகும் சில கொழுப்பு அமிலங்கள் மடிக்குப் போய் அந்த வேலையையே தடுக்கின்றன. லாக்டோஸும் புரதமும் பெரிதாக மாறுவதில்லை, அதனால்தான் எஸ்.என்.எஃப். அப்படியே இருந்தது.

பருத்திக்கொட்டை நல்ல தீவனம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முழுசாகக் கொடுத்தால் எண்ணெய் மெதுவாக இறங்கும், அரைத்தால் ஒரேயடியாக இறங்கிவிடும். கிலோவுக்கு 180, 200 கிராம் எண்ணெய் இருக்கிறது. ஈரம் நீக்கிய மொத்தத் தீவனத்தில் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை நிறையப் போடும் பருத்தி வட்டாரத்து நெய்க்கு, அரசின் தர முத்திரையான அக்மார்க்கே தனித் தர அளவு வைத்திருக்கிறது. தீவனம் பால் கொழுப்பை மாற்றும் என்பது அவ்வளவு தெரிந்த விஷயம்.

அந்த அக்கா எண்ணெயை நிறுத்திச் சோளத்தட்டையைக் கூட்டினார். சில வாரத்தில் கொழுப்பு பழைய அளவுக்கு வந்துவிட்டது. கொழுப்பு மட்டும் குறைந்தால் முதலில் மாட்டுக்கு என்ன போட்டீர்கள் என்று சங்கங்கள் கேட்க வேண்டும். அந்த அக்காவிடம் பிடித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வரிசையில் சொன்ன பழியை அதே வரிசையில் எல்லோர் முன்பும் திரும்பப் பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பால் உற்பத்தியாளர்,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்.