மைக்கில் டீ போட்ட தங்கைக்கு

எனக்கு மூச்சுக்குழாயில் கட்டி. அது எப்படி வந்தது என்று கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். மறுபடி எழுதப் போவதில்லை. போன வியாழக்கிழமை மூன்றாவது உள் கரண்டும், அதாவது உள்ளே வைக்கிற கதிர்வீச்சு சிகிச்சையும், முடிந்தது. மூச்சு விடும்போது விசில் அடிக்கிற சத்தம் பாதிக்குமேல் குறைந்திருக்கிறது.

வெளியிலிருந்து வைக்கிற கரண்ட் எனக்குப் பழகிய சங்கதி. இது வேறு. பிராக்கிதெரபி என்று சீட்டில் இருந்தது. தொண்டையை மரத்துப்போக வைத்து, மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை மூச்சுக்குழாயில் கட்டியைத் தாண்டி இறக்குவார்கள். எக்ஸ்ரேயில் இடம் பார்த்துவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுவார்கள். மெஷினிலிருந்து கம்பி நுனியில் குருணை அளவு இரிடியம், கதிர்வீச்சு விடுகிற உலோகம், உள்ளே வந்து, கட்டி நெடுக நின்று நின்று போகும். ஆறு நிமிடம்தான். ஆனால் இருமக் கூடாது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் கிடக்கும்போது! முதல் வாரம் இருமித் தொலைத்தேன். குழாய் நகர்ந்து, மறுபடி எக்ஸ்ரே, மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது வாரம் வர மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டேன்.

அன்றைக்கு மெஷினை இயக்குகிற தங்கை வந்து கேட்டார்: "அண்ணே, டீக்கடையாமே? பேச முடியாட்டி பரவாயில்ல. நான் மைக்கில டீ போடுறேன். தப்பாச் சொன்னா ஒரு விரலத் தூக்குங்க, கேமராவுல பாக்குறேன். இருமல் வந்தா முழுக் கையத் தூக்குங்க, இரிடியத்த உடனே மெஷினுக்குள்ள இழுத்துடுவேன்."

கதவு மூடியது. "மொதல்ல பால்ல தூளைக் கொட்டி அரைமணி நேரம் கொதிக்க விடணும்" என்றார். விரலைத் தூக்கினேன். "வடிகட்டுற துணிய சோப்புப் போட்டுத் துவைக்கணும்." தூக்கினேன். "ஆத்தவே கூடாது." இரண்டு விரலையும் தூக்கினேன். இருபத்தைந்து வருட டீ மாஸ்டர், சும்மா இருப்பேனா? முழுக் கையைத் தூக்க வேண்டிய நேரமே வரவில்லை.

மூன்றாவது வாரம் ஏன் நேரம் கூடியது என்று கேட்டேன். இரிடியத்தின் வீரியம் 74 நாளில் பாதியாகிவிடுமாம், ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் குறையுமாம். "தூள் பழசானா கூடக் கொஞ்ச நேரம் கொதிக்க விடுவீங்கல்ல, அதே கதைதான்" என்றார். பழைய தூளே என் கடையில் கிடையாது என்பது வேறு விஷயம்.

"வேலை முடிஞ்சதும் அது மெஷினுக்கே போயிடும், உங்க உடம்புல ஒண்ணும் தங்காது, பேத்தியைத் தூக்கலாம்" என்று டாக்டர் சொன்ன அன்றே தூக்கினேன். அவருக்கும், வார்டு அக்காமார்களுக்கும், காப்பீட்டுக் கவுன்டரில் மூன்று முறை படிவத்தைத் திருத்திக் கொடுத்த தம்பிக்கும், நான் இல்லாதபோது கடை திறந்த மாரியப்பனுக்கும், கடன் பாக்கியைக் கேட்காமலே கொண்டுவந்து கொடுத்த எல்லோருக்கும் நன்றி. எல்லாம் தனித்தனியாக எழுதினால் இன்றைக்குக் கடை திறக்க முடியாது.

அடுத்த மாதம் கேமரா விட்டுப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன சொல்வார்களோ, தெரியாது. ஃபிளாஸ்க் மட்டும் கழுவி வைத்துவிட்டேன். அந்தத் தங்கை சர்க்கரை போட்டுக் குடிப்பாரா என்று கேட்க மறந்துவிட்டேன். தனியாக ஒரு பொட்டலத்தில் கட்டிக்கொண்டு போகிறேன்.