50/34 கேட்டதற்கு 52/34: முன்கியர் மாற்றத்தில் நடந்த தவறுகள் குறித்த புகார்

அனுப்புநர்:
சாலை சைக்கிள் வாடிக்கையாளர்,
சேலம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
சைக்கிள் விற்பனை மற்றும் பணிமனைப் பிரிவு,
சேலம் கிளை.

பொருள்: ஷிமானோ 105 ஆர்7000 பாகங்கள் உள்ள சைக்கிளில் முன்பக்கச் செயின்ரிங் (பெடலோடு சுழலும் பல்சக்கரம்) மாற்றியதில் இரண்டு முறை நடந்த குறைபாடுகள், அதனால் கார்பன் ஃப்ரேமில் ஏற்பட்ட சேதம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

ஜூன் 7 அன்று உங்கள் பணிமனையில் ஒப்படைத்த சைக்கிளில் 52/36 கிராங்க் (வெளி ரிங்கில் 52 பல், உள் ரிங்கில் 36 பல்), 11-28 கேசட் (பின்சக்கரத்தில் 11 முதல் 28 பல் வரையான பல்சக்கரத் தொகுதி), குட்டைக் கேஜ் பின் டீரெய்லர், ஃப்ரேமிலேயே பொருத்தும் வகை முன் டீரெய்லர் ஆகியவை இருந்தன. டீரெய்லர் என்பது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி, கேஜ் என்பது அதில் செயின் ஓடும் கூடு. எல்லாமே ஆர்7000, 11 ஸ்பீடு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற ஏற்றங்களுக்காக 50/34-க்கு மாற்றித் தரும்படி கேட்கப்பட்டது. ஜாப் கார்டிலும் அப்படியேதான் எழுதியிருக்கிறது. இந்தக் கிராங்கில் 53/39, 52/36, 50/34 மூன்றுக்கும் ரிங்கைத் தாங்கும் கைகள் அதே நான்குதான், போல்ட்டுகள் அமையும் வட்டமும் அதே 110 மி.மீ.தான். கிராங்கை மாற்ற வேண்டியதே இல்லை, இரண்டு ரிங்குகளை மட்டும் மாற்றினால் போதும். எளிய வேலைதான், முழுதாகச் செய்தால்.

திரும்பக் கிடைத்தபோது உள்ளே 34 பல் ரிங் இருந்தது, வெளியே பழைய 52 அப்படியே இருந்தது. பில்லில் ‘செயின்ரிங் மாற்றம், 1 எண்ணம்’ என்றும், ஜாப் கார்டின் அடியில் ‘டெஸ்ட் ரைடு ஓகே’ என்றும் எழுதியிருந்தது. கேட்டதற்கு, “50 ஸ்டாக் இல்லை, ஏற்றத்துக்கு 34 இருந்தால் போதும்” என்று பதில் வந்தது. ஏறும் கியரைப் பொறுத்தவரை அது உண்மைதான்: வெளியே எத்தனை பல் இருந்தாலும் முன்னே 34-க்குப் பின்னே 28 என்பது ஒன்றே. ஆனால் ரிங்குகள் தனித்தனியாக வேலை செய்வதில்லை. அந்த முன் டீரெய்லருக்கு ஷிமானோ கொடுத்திருக்கும் அதிகபட்ச வித்தியாசம் 16 பல். 52-இல் 34 போனால் 18. செயின் ஒரு பல்லுக்கு அரை அங்குலம் என்பதால், ஒரு பல் கூடினால் ரிங்கின் ஆரம் சுமார் 2 மி.மீ. கூடும். ஆக, 16 பல் வித்தியாசத்தில் 32 மி.மீ. இறங்க வேண்டிய செயின் இங்கே 36 மி.மீ. இறங்குகிறது. கேஜின் வளைவு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. சின்ன ரிங்கில், பின்னால் 11, 12, 13 பற்களில் செயின் தாழ்ந்து, கேஜின் கீழ்ப் பாலத்தில் உரசிக்கொண்டே ஓடியது. அந்த உரசல் தடம் இப்போதும் உலோகத்தில் பளபளவென்று தெரிகிறது.

மேலே ஏற்றும்போது சிக்கல் வேறு விதம். பெரிய ரிங்கின் உட்பக்கத்தில் செயினைத் தூக்கிவிடும் முளைகளும் சரிவுகளும் குறிப்பிட்ட ஒரு சின்ன ரிங்கை மனத்தில் வைத்தே அமைக்கப்படுகின்றன. அதனால்தான் ரிங்கின் பக்கத்தில் பொடி எழுத்தில் ஜோடிக் குறி அச்சிட்டிருக்கிறார்கள்: 50-க்கும் 34-க்கும் ‘எம்எஸ்’, 52-க்கும் 36-க்கும் ‘எம்டி’. உங்கள் மெக்கானிக் எம்டி ரிங்கோடு எம்எஸ் ரிங்கைச் சேர்த்துவிட்டார். இடது லீவரை முழுதாகத் தள்ளிப் பிடித்தாலும் செயின் அரைச் சுற்றுக்கு மேல் பற்களின் மேலேயே சறுக்கிவிட்டுத்தான் ஏறியது. கேபிளை இறுக்கி இதைச் சரிசெய்ய முடியாது. உங்கள் ஆட்கள் அதைத்தான் முயன்றிருக்கிறார்கள்.

புகார் சொன்னபின் ஜூன் 16 அன்று 50 பல் எம்எஸ் ரிங் போட்டுக் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. ரிங் ஜோடி இப்போது சரி. ஆனால் முன் டீரெய்லர் 52-க்கு இருந்த அதே உயரத்தில் விடப்பட்டது. வெளித்தகட்டின் கீழ் விளிம்புக்கும் பெரிய ரிங்கின் உயரமான பல் நுனிக்கும் இடையே 1 முதல் 3 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டு பல் குறைந்தால் ரிங் 4 மி.மீ. தாழும், டீரெய்லரும் அதே 4 மி.மீ. இறங்கியாக வேண்டும். வெர்னியர் வைத்துப் பார்த்ததில் இப்போது இருப்பது 6 மி.மீ. கேஜ் அவ்வளவு உயரத்தில் நின்றால் செயினின் மேல் பிடி தளர்ந்துவிடும்: ஏற்றும்போது தாமதம், இறக்கும்போது செயின் போக வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவது.

தாண்டிப் போவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. முதல் முறை வந்த உரசலை அடக்குவதற்காக, முன் டீரெய்லர் உள்பக்கம் எவ்வளவு நகரலாம் என்று எல்லை வைக்கும் ‘எல்’ திருகைத் தளர்த்தியிருக்கிறார்கள். செயின் சின்ன ரிங்கிலும் பின்னால் 28-லும் இருக்கும்போது உள்தகட்டுக்கும் செயினுக்கும் இடைவெளி அதிகபட்சம் 0.5 மி.மீ. இருக்கலாம். அளந்தபோது 2 மி.மீ.க்கு மேல் இருந்தது. அந்த இடைவெளி வழியாகச் செயின் உள்ளே விழுந்து, சின்ன ரிங்குக்கும், கிராங்க் அச்சு சுழலும் ஃப்ரேம் பகுதியான பாட்டம் பிராக்கெட்டுக்கும் நடுவே சிக்குகிறது. பெடல் மிதித்துக்கொண்டே இருக்கும்போது இது நடப்பதால் செயின் ஃப்ரேமைக் கத்தி போல் அறுக்கிறது. 3 இடங்களில் பெயிண்ட் உரிந்திருக்கிறது. ஓர் இடத்தில் கார்பன் நாரே வெளியே தெரிகிறது. அலுமினியமாக இருந்தால் கீறலோடு போயிருக்கும். கார்பனில் நார் அறுந்தால் அது பலத்தைப் பற்றிய கேள்வி, அழகைப் பற்றியது அல்ல.

செயினை வெட்டாமல் விட்டது சரியான முடிவு, அதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய ரிங்கில் 2 பல் குறைந்தால் செயினில் மிச்சமாவது அரை அங்குலம்தான், வெட்டுவதென்றால் ஒரு அங்குலமாகத்தான் வெட்ட முடியும்.

இவற்றைவிடக் கவலை தருவது இடது கிராங்க் கை, அதாவது இடது பெடலைத் தாங்கும் தண்டு. ரிங் மாற்றுவதற்காகக் கிராங்கைக் கழற்றித் திரும்பப் போட்டபோது, அந்தக் கையின் பிளவில் இருக்கும் பாதுகாப்புத் தகட்டை அழுத்தி உட்கார வைக்கவில்லை. அதன் முள் அச்சின் துளையில் இறங்காமல் மேலேயே நிற்கிறது. இரண்டு பிடிப்பு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றி 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்ததும் ஒன்று 8-லேயே திரும்பியது. முனை மூடியை 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர் வரைதான், கையால் திருகுவது போல இறுக்க வேண்டும், அதுவும் பிடிப்பு போல்ட்டுகளுக்கு முன்பே. அந்த வரிசை மாறியதாலோ என்னவோ, கிராங்கைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறது. இப்படியே ஓட்டினால் கையின் உட்பற்கள் தேய்ந்து அது கழன்று வரும். இறக்கத்தில், எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில் அது நடந்தால் என்னவாகும் என்பதை உங்கள் பணிமனை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆலோசனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏறும் கியர் இலகுவாக வேண்டும் என்று கேட்டவரிடம் முதலில் கேசட்டைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். 36-க்கு 30 என்றால் விகிதம் 1.20. 34-க்கு 28 என்றால் 1.21. அதாவது 11-30 கேசட் ஒன்றைப் போட்டிருந்தால், முன்னே கை வைக்காமலேயே இதைவிடச் சற்று இலகுவான கியர் கிடைத்திருக்கும். குட்டைக் கேஜ் பின் டீரெய்லர் 30 பல் வரை ஏற்கும், மொத்தக் கொள்ளளவு (முன், பின் பல் வித்தியாசங்களின் கூட்டுத்தொகை) 35 பல். 52/36-உடன் 11-30 வைத்தால் 16-உம் 19-உம் சேர்ந்து மிகச் சரியாக 35. செயின் நீளத்தை மட்டும் சரிபார்க்க வேண்டியிருக்கும். 11-32 கேட்டிருந்தால் நீளக் கேஜ் தேவை என்று சொல்லியிருக்க வேண்டும். சமவெளியில் 36-க்கும் 52-க்கும் நடுவில் ஓட்டப் பழகியவருக்கு 50/34-இல் அடிக்கடி ரிங் மாற்ற வேண்டி வரும் என்பதும் கவுன்ட்டரிலேயே சொல்லக்கூடிய விஷயம். இதில் எதுவுமே சொல்லப்படவில்லை.

ஆகவே, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் கீழ்க்கண்டவற்றைச் செய்து தர வேண்டுகிறேன். முன் டீரெய்லரை 4 மி.மீ. இறக்கி, வெளித்தகடு பெரிய ரிங்குக்கு இணையாக நிற்கும்படி சப்போர்ட் போல்ட்டைத் திருத்தி, இரண்டு எல்லைத் திருகுகளையும் புதிதாக அமைக்க வேண்டும். கிராங்கைக் கழற்றி, கையின் உட்பற்களை எனக்குக் காட்டி, தேய்மானம் இருந்தால் கையை மாற்றி, தகட்டை உட்கார வைத்து, எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, அந்த அளவுகளை ஜாப் கார்டில் எழுதித் தர வேண்டும். செயின் உள்ளே விழாமல் தடுக்கும் செயின் கேட்சரை உங்கள் செலவில் பொருத்த வேண்டும். இரண்டு முறை வாங்கிய கூலியைத் திருப்பித் தர வேண்டும். ஃப்ரேமைக் கார்பன் பழுதுபார்ப்பவரிடம் சோதித்து, அவர் தரும் எழுத்துப்பூர்வ அறிக்கையின்படி பழுதுபார்ப்புச் செலவையோ மாற்றுச் செலவையோ ஏற்க வேண்டும். அந்த அறிக்கை வரும்வரை சைக்கிளை ஓட்டும் நிலையில் நான் இல்லை.

செய்யாத பணியை ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்திட்டது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாடு. பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு அளிப்பேன். அந்த நிலை வராமல், உங்கள் மூத்த மெக்கானிக் ஒருவரே என் முன்னால் அளந்து பார்த்து வேலையை முடித்துத் தர வேண்டும் என்பதே என் விருப்பம்.

இணைப்பு: இரண்டு ஜாப் கார்டுகள், இரண்டு பில்கள் ஆகியவற்றின் நகல்கள், வெர்னியர் அளவு, பாதுகாப்புத் தகடு, ஃப்ரேம் கீறல் ஆகியவற்றின் படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்