இன்றைக்குக் கடல் எப்படி என்று ஒரு வரி எழுதி வையுங்கள்

குமரி மாவட்டக் கடற்கரைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிழக்கே சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, மேற்கே குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் போட்டிருப்பது அரசாங்கம்தான். படகுக்குத் தெரிந்த இந்த விஷயத்தைக் கால் நனைக்க வருகிற மனுஷனுக்கு மட்டும் ஏன் யாரும் சொல்வதில்லை?

போன ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தொண்டியிலிருந்து அத்தை வந்திருந்தார். காலையில் வட்டக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். நல்ல வெயில், கோட்டைச் சுவருக்குக் கீழே கடல் குளம் மாதிரி கிடந்தது. தென்மேற்குக் காற்று நிலத்தைத் தாண்டித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும் என்பதால் ஆனி, ஆடியில் அங்கே அலை அடங்கித்தான் இருக்கும். அத்தை முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "எங்க ஊர்க் கடல் மாதிரியே இருக்கே" என்றார். மதியம் சாப்பிட்டுவிட்டு மேற்கே கிளம்பினோம். ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை, அதற்குள் வானம் இருட்டிச் சாரல் பிடித்துக்கொண்டது.

எந்தக் கடற்கரை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே மட்டும் ஒரு போர்டு நட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

பார்க்கிங்கில் ஒருத்தர் மழையிலும் ஓடிவந்து முப்பது ரூபாய் வாங்கி ரசீது கிழித்துக் கொடுத்தார். அதைக் குறை சொல்லவில்லை, அது அவர் வேலை. ஆனால் அந்தக் கரை முழுக்க எங்களோடு பேசிய ஒரே ஆள் அவர்தான். எழுத்து உதிர்ந்த பலகை ஒன்று துருப்பிடித்துச் சாய்ந்து நின்றது, 'ஆபத்' வரைக்கும் படிக்க முடிந்தது. நான் "அத்தை, இறங்காதீங்க" என்றதற்கு, "போடா, கடல் எனக்குத் தெரியாதா?" என்றார். அறுபது வருஷமாகக் கடலைப் பார்த்தவரிடம் நான் என்ன சொல்ல? போட்டோவுக்காகக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றவரை அடுத்த அலை அப்படியே சாய்த்து இழுத்துக்கொண்டு போனது. வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு அண்ணன்மார் ஓடிவந்து சேலையைப் பிடித்துத் தூக்கியிருக்காவிட்டால் இந்தக் கடிதத்தின் தொனியே வேறாக இருந்திருக்கும். கண்ணாடி போனது, வலது மணிக்கட்டு முறிந்தது. தூக்கிய அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "காலையிலேயே கோயில் மைக்கில் சொன்னாங்களே, நீங்க கேக்கலியா?"

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. தகவல் இருந்திருக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையத்திலிருந்து அலை எச்சரிக்கை வருகிறது, அது ஊர்க் கோயில் மைக் வரைக்கும் வந்து சேருகிறது, அங்கிருந்து பார்க்கிங்குக்கு நடந்து வரத்தான் ஆள் இல்லை. வெயில் அடிக்கிறது, காற்று இல்லை என்று நம்பவும் முடியாது. தெற்கே எங்கேயோ நடுப் பெருங்கடலில் அடித்த புயலில் கிளம்பிய அலை நாள்கணக்கில் ஓடிவந்து நம் கரையில் ஏறும், கள்ளக்கடல் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? 2024 மே மாதம் நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்களே, அப்போதும் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். மேற்குக் கரையில் மக்கள் வந்து இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும், வண்டி நிறுத்தும் வாசலில், இன்றைக்குக் கடல் எப்படி என்று காலையில் ஒரு வரி. தமிழில், மலையாளத்தில், முடிந்தால் இந்தியிலும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சிவப்புக் கொடி. 37 கோடி ரூபாய்க்குக் கண்ணாடிப் பாலம் கட்டி விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்குக் கால் நனையாமல் நடக்கவைத்தாயிற்று, சந்தோஷம், நானும் நடந்தேன். கால் நனைக்கிறவர்களுக்கு ஒரு சாக்பீஸ் வாங்கக் கூடாதா? அல்லது அதற்கும் டெண்டர் விட வேண்டுமா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குப் பக்கம் கலங்கும், அப்போது அங்கேயும் அந்த ஒரு வரியை எழுதி வைக்க வேண்டும் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாகர்கோவில்காரன் ஒருவன்

பி.கு: அந்த முப்பது ரூபாய் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பின்பக்கம் முழுக்க வெற்றுத்தாள்தான். பலகைக்கு வழியில்லை என்றால் அதிலாவது அச்சடித்துக் கொடுங்கள்.