கட்டியான கம்பியே நல்ல கம்பி என்று நினைக்கும் குமரி மாவட்ட கான்ட்ராக்டர்களுக்கு

வீடு கட்டிக் கொடுக்கும் அண்ணன்மாருக்கு,

போன மாதம் குளச்சல் பக்கம் எங்கள் வீட்டு வேலையில் தூணுக்கு ரிங் வளைத்துக்கொண்டிருந்த பையன் கையில் 8 எம்எம் கம்பி ஒன்று 'டக்'கென்று முறிந்தது. எடுத்துப் பார்த்தால் மற்ற ரிங்குகளிலும் வளைவின் வெளிப்பக்கம் மயிரிழை மயிரிழையாக விரிசல். கான்ட்ராக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல கட்டியான கம்பி சார், அதான்" என்றார். பெருமையாக வேறு!

கட்டி வேறு, உறுதி வேறு. கம்பியில் கார்பனைக் கூட்டக் கூட்டப் பலம் ஏறும், ஆனால் வளைந்து கொடுக்கும் குணம் குறைந்துகொண்டே போகும். பாஸ்பரஸ் மிஞ்சினால் சூடு பண்ணாமல் வளைக்கும்போது கம்பி முறியும். கந்தகம் மிஞ்சினால் ஆலையில் சூடாக உருட்டும்போதே விரிசல் விடும், அதைப் பிடித்து அடக்கத்தான் மாங்கனீசு, அது கொஞ்சம் பலமும் சேர்க்கும். வனேடியமும் நியோபியமும் பெருங்காயம் மாதிரி: 0.1 சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்த்தாலே எஃகுக்குள் இருக்கும் படிக மணிகள் பொடியாகி, நொறுங்கும் குணம் வராமலே பலம் ஏறிவிடும்.

கம்பியின் பலத்தைச் சொல்லும் 500 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறீர்களே, பக்கத்தில் இருக்கும் 'டி' எழுத்தை (டக்டிலிட்டி, அதாவது முறியாமல் நீண்டு கொடுக்கும் குணம்) பார்ப்பதுண்டா? ஐஎஸ் 1786 என்ற இந்தியத் தரப்படி சாதா 500 கம்பியில் கார்பன் 0.30 சதவீதம் வரை போகலாம், 500டி-யில் 0.25தான். கந்தகம், பாஸ்பரஸ் தலா 0.055-லிருந்து 0.040 ஆக இறங்குகிறது. நிலையாக நீளத் தொடங்கும் பலம் இரண்டுக்கும் ஒன்றுதான், குறைந்தது சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன், அதாவது நம் கணக்கில் சுமார் 51 கிலோ பாரம். வித்தியாசம் அறுபடும்போதுதான் தெரியும். 20 எம்எம் கம்பியில் 100 மில்லிமீட்டருக்குக் குறி போட்டு அறும்வரை இழுத்தால், சாதா 500 குறைந்தது 112 வரை நீண்டால் போதும், 500டி 116-ஐத் தொட்டாக வேண்டும். பாரம் மிஞ்சினால் இந்த நீட்சிதான் உத்தரத்தைத் தொய்யவிட்டு, விரிசல் காட்டி, ஆட்களை வெளியே ஓட வைக்கும்.

அப்புறம் நம் உப்புக்காற்று. செம்பும் குரோமியமும் சேர்த்த கம்பி துருவைத் தள்ளிப்போடும், ஆனால் கடலோரத்தில் 45 எம்எம் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) விடாமல் வார்த்தால் எந்தக் கம்பியும் துரு பிடிக்கும்.

கேட்பது இவ்வளவுதான்: ஒப்பந்தத்தில் '500டி' என்று எழுதுங்கள், லோடோடு வரும் டெஸ்ட் சர்டிஃபிகேட்டை வீட்டுக்காரர் கையில் கொடுங்கள், ரிங் முறிந்தால் சிரிக்காதீர்கள். அந்த லோடை நான் திருப்பி அனுப்பிவிட்டேன், வண்டி வாடகையும் என் தலையில்தான்.