கர்ப்பிணியிடம் உறக்கத்தையும் கேட்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குறைமாதப் பிறப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம், நோய்த்தொற்று, இரட்டைக் கரு ஆகிய காரணங்களைத் தெளிவாக விளக்கியிருந்தது. கர்ப்பிணியின் மனநிலை குறித்து அதில் ஒரு வரியும் இல்லாத குறையால், குடியாத்தம் வட்டாரத்தில் 26 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்த நான் இதை எழுதுகிறேன்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பதையே குறைமாதப் பிறப்பு என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அவற்றுள் ஏறத்தாழ 30 இலட்சம் நம் நாட்டுக் குழந்தைகள். தீராத மனஉளைச்சலோ மனச்சோர்வோ உள்ள தாய்மாருக்கு இந்த ஆபத்து ஓரளவு கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. உளைச்சலின்போது உடலில் மிகும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன், நஞ்சுக்கொடியில் சி.ஆர்.எச். என்னும் மற்றொரு ஹார்மோனைத் தூண்டுகிறது. பிரசவம் நெருங்கும்போது இயல்பாக உயர வேண்டிய அது, முன்னதாகவே உயர்ந்திருந்தவர்களிடம் குறைமாதப் பிறப்பு கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. அது போக, மனம் விட்டுப்போனவள் வேளைக்குச் சாப்பிட மாட்டாள். இரும்புச்சத்து மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே மாடத்தில் கிடக்கும்.

பீடி சுற்றும் பெண் ஒருத்தியை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். இரண்டாவது பிரசவம், முதல் பிரசவத்தில் பிறந்தது பெண். மடியில் முறத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தவளுக்கு இரத்த அழுத்தமும் கால் வீக்கமும் பார்த்து அட்டையில் குறித்த பிறகு, கிளம்பும் நேரத்தில்தான் "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டேன். நூல் சுற்றிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. மாமியார் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "வருது நர்சம்மா" என்றாள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதே என்று நானும் போய்விட்டேன். மூன்று வாரம் கழித்து, 32-ஆம் வாரத்தில், 1 கிலோ 600 கிராம் எடையில் குழந்தை பிறந்தது. வாரத் தவணைக் கடனும், இதுவும் பெண்ணாகிவிட்டால் என்ற வீட்டுப் பேச்சும் அவளை அரித்துக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புகையிலைத் தூசியும் 9-ஐத் தாண்டாத ஹீமோகுளோபினும் சேர்ந்தே இருந்ததால், கவலைதான் காரணம் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. உளைச்சலோடு இருந்தும் மாதம் நிறைந்து பெற்றவர்களே மிகுதி. ஆனால் மருத்துவமனை வராந்தாவில், அவள் காதுபடவே, "எந்நேரமும் அழுதுகிட்டே இருந்தா, அதான் அவசரமா வந்துடுச்சு" என்று உறவினர் பேசினார்கள். பிள்ளைத்தாய்ச்சி மனம் நோகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது சுற்றியிருப்பவர்களுக்குத்தான். அதையே அவள் மேல் பழியாகத் திருப்புவதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

மனச்சோர்வைக் கண்டறிய, எடின்பரோ அளவுகோல் எனப்படும் பத்துக் கேள்விப் படிவம் 1987 முதல் இருக்கிறது. பேறுகாலத்துக்குப் பின்பு கேட்பதற்காக உருவானது, கர்ப்ப காலத்திலும் பயன்படுகிறது. தமிழ் வடிவமும் உண்டு. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்தால் மட்டும் உண்மையான பதில் வராது. துன்பம் தெரியவந்தால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பலாம். 2022-இல் தொடங்கிய டெலிமானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம் என்று கர்ப்பிணிக்குச் சொல்லலாம்.

மாதந்தோறும் 9-ஆம் தேதி நடக்கும் கர்ப்பிணிப் பரிசோதனையின்போது, இந்தக் கேள்விகளைப் பொறுமையாகக் கேட்க ஒருவரையும், கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறையையும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் சுகாதார அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.