ஜாமீன் கொடுங்கள், புகார் கொடுத்தவரைக் கைவிடாதீர்கள்

தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர், ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை இயக்குநர் ஆகியோருக்கு, மேலூரிலிருந்து மனு எழுதிப் பிழைக்கும் ஒருவன் வணக்கத்துடன் எழுதுவது.

லஞ்ச வழக்கில் கைதான அரசு ஊழியர் ஜாமீனில் வந்துவிட்டால் எங்கள் பக்கம் மக்கள் கொதித்துப்போகிறார்கள். அந்தக் கொதிப்பு எனக்குப் புரிகிறது; ஆனால் ஜாமீனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குற்றம் நிரூபணமாகும் முன் ஒருவரைச் சிறையிலேயே வைத்திருப்பது அநியாயம். 60 நாளில் குற்றப்பத்திரிகை வராததால், அசாம் அரசுப் பணியாளர் தேர்வாணையத் தலைவராக இருந்தவருக்கே 2017-இல் உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. காலத்தில் குற்றப்பத்திரிகை போடுவது உங்கள் வேலை.

என் ஆதங்கமெல்லாம் புகார் கொடுத்தவரைப் பற்றியது. பட்டா மாறுதலுக்குப் பணம் கேட்டார்கள் என்று ஒரு விவசாயி துணிந்து உங்கள் துறையிடம் வருகிறார். லஞ்சம் வாங்குபவரைக் கையும் களவுமாகப் பிடிக்க, பினாப்தலின் என்ற வேதித்தூள் தடவிய நோட்டுகளை நடுங்கும் கையோடு நீட்டுகிறார். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைக்கிறார்கள். அந்தத் தூள் பட்ட விரல் என்றால் நீர் இளஞ்சிவப்பாகிறது, அதைப் புட்டியில் அடைத்து அரக்கு வைக்கிறார்கள். மேசைமேல் இருந்த மனுக் கோப்பு ஒன்றையும் சான்றாக எடுத்துப்போகிறார்கள். அந்தக் கோப்புதான் அந்த விவசாயியின் பட்டா! பிறகு எப்போது போய்க் கேட்டாலும், “கோப்பு கோர்ட்டில் இருக்கிறது” என்ற பதில்தான். கைப்பற்றிய வாரத்திலேயே சான்றிட்ட நகலை வருவாய்த் துறைக்கு அனுப்பி, வேறொரு அலுவலரைக் கொண்டு அந்த மனுவை முடித்துக் கொடுக்க உத்தரவிடுங்கள்.

ஜாமீனில் வந்தவர் நேரில் மிரட்ட வேண்டியதில்லை. மைத்துனர் வருவார், ஊர்ப் பெரியவர் வருவார், “அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறதப்பா” என்பார்கள். அடுத்த பட்டாவுக்கும் அதே அலுவலகத்துக்குப் போக வேண்டியவர் எத்தனை நாள் தாங்குவார்? கடைசியில் நீதிமன்றத்தில் சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சியாகிவிடுகிறார். அப்போதும் மற்றச் சான்றுகளை வைத்துத் தண்டிக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது வழக்கைக் காப்பாற்றலாம். அந்த மனிதரை யார் காப்பாற்றுவது? ஜாமீன் மனு வரும்போது அரசு வழக்கறிஞர் வெறுமனே ஆட்சேபித்துவிட்டு உட்கார வேண்டாம். அந்த வட்டத்துக்குள் நுழையக் கூடாது, ஆள் விட்டும் சாட்சிகளிடம் பேசக் கூடாது என்று நிபந்தனை கேட்கட்டும்.

பணியிடை நீக்கத்தை முடிவில்லாமல் நீட்டக் கூடாது என்று 2015-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, உள்ளூர்த் தொடர்பு அறும்படி அந்த ஊழியரை வேறெங்கும் மாற்ற அரசுக்கு உரிமை உண்டு என்றும் சொல்லியிருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். மக்கள் மனு கொடுக்கும் மேசையில் மட்டும் வழக்கு முடியும்வரை அவரை உட்கார வைக்காதீர்கள்.

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்தின்படி, அரசு ஊழியர்மீது வழக்குத் தொடர அரசு தரும் அனுமதியான இசைவாணைக்கு மூன்று மாதம், தேவையானால் இன்னும் ஒரு மாதம்; நீதிமன்ற விசாரணையை இரண்டு ஆண்டில் முடிக்க முயல வேண்டும், நீட்டித்தாலும் சாதாரணமாக மொத்தம் நான்கு ஆண்டைத் தாண்டக் கூடாது. மதுரை மாவட்ட வழக்குகளில் எவை இந்தக் கெடுவைத் தாண்டி நிற்கின்றன, எந்தத் துறையின் இசைவாணைக்காகக் காத்திருக்கின்றன என்பதை மாதந்தோறும் வெளியிடுங்கள்.