வார்சா வீதிகளைத் தமிழில் நடக்க உதவியவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

போலந்துத் தலைநகர் வார்சாவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஏற்பாடு செய்த நகர நடையும், அதற்கான சிறு கையேடும் நல்லபடியாக முடிந்தன. இரண்டாம் உலகப் போரில், 1939 செப்டம்பர் கடைசியில் நகரம் ஜெர்மன் படையிடம் சரணடைந்ததிலிருந்து 1945 ஜனவரி வரை இந்த ஊர் மக்கள் எதைச் சாப்பிட்டார்கள், எப்படிப் படித்தார்கள், எப்படி எதிர்த்து நின்றார்கள் என்பதை அந்தந்த இடத்திலேயே நின்று தமிழில் பேச முடிந்தது. கையேட்டின் அட்டையில் என் பெயர் இருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் பலர் கொடுத்தது. நேரில் சொன்ன நன்றி போதாது என்று தோன்றியதால் ஊரறிய இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிப் பாட்டிக்கு. ஆக்கிரமிப்பு அரசு பல்கலைக்கழகங்களையும் உயர்நிலைப் பள்ளிகளையும் இழுத்து மூடியது, ஆரம்பப் பள்ளியையும் தொழிற்பள்ளியையும் மட்டும் விட்டுவைத்தது, வரலாறும் புவியியலும் கூடாது என்றது: இதெல்லாம் நூலகத்தில் கிடைக்கும். 1939 நவம்பர் 6 அன்று கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு என்று வரவழைத்து, பேராசிரியர்கள் உள்ளிட்ட 183 பேரை ஒரே இடத்தில் வைத்துக் கைது செய்ததும், அவர்களில் பெரும்பாலோரை சாக்ஸன்ஹவுஸன் வதைமுகாமுக்கு அனுப்பியதும்கூட எழுதப்பட்ட வரலாறுதான். ஆனால் பாட்டி, உங்கள் அம்மா படித்த ரகசிய வகுப்பை நீங்கள் சொல்லாமல் நான் எங்கே தெரிந்துகொள்வேன்? ஐந்தாறு பிள்ளைகள்தான் ஒரு வகுப்பு. ஒவ்வொரு வாரமும் வேறு வேறு வீடு. சேர்ந்து வரக்கூடாது, ஒருவர் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்தவர். புத்தகம் பையின் அடியில், மேலே உருளைக்கிழங்கு. கதவு தட்டப்பட்டால் தையல் வகுப்பு என்று சொல்வதற்காக மேசையில் எப்போதும் ஒரு பாதி தைத்த பாவாடை. பிடிபட்டால் ஆசிரியருக்கு முகாம் அல்லது மரணம். அப்படியிருந்தும் தெருவில் நின்ற போலீஸைவிட லத்தீன் ஆசிரியைக்குத்தான் அம்மா அதிகம் பயந்தாராம். யாரோ ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் பள்ளி இறுதித் தேர்வு எழுதித் தேறினார். நாடு முழுக்க இப்படிப் படித்தவர்கள் பல்லாயிரம் பேர். நடையில் பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்டதும் இந்த இடத்தில்தான்.

பாட்டியின் போலிஷை எனக்குத் தமிழில் சொன்ன தங்கைக்கு அடுத்த நன்றி. பல்கலைக்கழகத் தேர்வுக்கு நடுவில் வந்து உட்கார்ந்து, பாட்டி கண் கலங்கிய இடத்தில் கேள்வியை நிறுத்தத் தெரிந்த பெண் அவள். அந்தப் பக்குவம் எனக்கு இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

சமையலறைப் பகுதிக்கு உதவியவர் இங்கே சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அம்மா. அவர் குடும்பம் வார்சாவுக்கு வெளியே ஒரு கிராமத்தைச் சேர்ந்தது. 1941-ல் இந்த நகரத்தில் ரேஷன் அட்டைக்குக் கிடைத்த உணவு, ஒரு நாளைக்குப் போலந்துக்காரருக்கு 669 கலோரி, ஜெர்மானியருக்கு 2613, யூதருக்கு 184. அட்டையை மட்டும் நம்பியிருந்தால் ஊரே செத்திருக்கும். பிழைக்க வைத்தது கள்ளக் கடத்தல். கிராமத்துப் பெண்கள் பன்றிக் கொழுப்பையும் இறைச்சியையும் பாவாடைக்குள் கட்டிக்கொண்டு ரயிலேறி வருவார்கள். ஸ்டேஷனில் சோதனை வந்தால் எல்லாம் பறிபோகும், ஆளும் போகலாம். அந்தம்மாவின் பாட்டி இந்த வேலையைச் செய்தவர். 'காசுக்காகத்தான் செய்தார், அதை மறைக்காமல் எழுதுங்கள்' என்றார் அம்மா. அப்படியே எழுதியிருக்கிறேன். காசுக்காகச் சுமந்த அந்த மாமிசம்தான் பல வீடுகளில் உலை ஏற்றியது.

வாடகைக் கார்களும் பேருந்துகளும் இல்லாமல் போனபோது வார்சா தெருக்களில் சைக்கிள் ரிக்ஷா ஓடியது என்று சொன்னதும், அந்தப் படங்களைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் என் அலுவலக நண்பர். தோல் கிடைக்காததால் மரத்தில் அடிப்பாகம் வைத்த செருப்புகள், டிராமின் முன்பகுதியில் 'ஜெர்மானியருக்கு மட்டும்' பலகை, பிழைப்புக்காக ஓட்டல்களில் பரிமாறிய நாடக நடிகைகள், காப்பிக் கடையில் இரட்டைப் பியானோ வாசித்த லுட்டோஸ்வாவ்ஸ்கியும் பனுஃப்னிக்கும் என்று பின்னாளில் உலகம் கொண்டாடிய இரண்டு இசையமைப்பாளர்கள். எல்லாம் அவர் தந்த குறிப்புகள்.

அப்புறம், கோப்பர்னிகஸ் சிலை முன்னால் எங்களை நிறுத்திக் கதை சொன்ன வழிகாட்டி அண்ணன். இந்தக் கதையை அவர் சொன்ன அளவுக்கு என்னால் எழுத முடியாது, ஆனாலும் வராதவர்களுக்காக ஒரு தடவை சொல்கிறேன். சிலையில் இருந்த போலிஷ் எழுத்தை மறைத்து ஜெர்மானியர்கள் தங்கள் மொழியில் ஒரு தகடு பதித்தார்கள், கோப்பர்னிகஸ் தங்கள் ஆள் என்று. 1942 பிப்ரவரி 11, உறைபனி. சாரணர் இளைஞர் அலெக்ஸி தவிதோவ்ஸ்கி, 21 வயது, பக்கத்திலேயே போலீஸ் காவல் இருக்க, திருகுகளைக் கழற்றித் தகட்டை எடுத்துப் பனியில் புதைத்துவிட்டார். கோபத்தில் அதிகாரிகள், 1794-ல் ரஷ்யாவுக்கு எதிரான எழுச்சியில் முன்னின்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி கிலின்ஸ்கியின் சிலையைப் பெயர்த்து எங்கோ கொண்டுபோய் ஒளித்தார்கள். ஒளித்த இடம் தேசிய அருங்காட்சியகம். சீக்கிரமே அதன் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: 'வார்சா மக்களே, நான் இங்கேதான் இருக்கிறேன், கிலின்ஸ்கி.' அதோடு விடவில்லை. ஊரெல்லாம் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: கிலின்ஸ்கி சிலையை அகற்றியதற்குப் பதிலடியாகக் குளிர்காலத்தை ஆறு வாரம் நீட்டிக்க உத்தரவிடுகிறேன், இப்படிக்கு வானியலாளர் கோப்பர்னிகஸ். அந்த வருஷம் குளிரும் நீண்டுகொண்டே போனது. பயந்து பயந்து நடந்த ஒரு ஊர் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்திருக்கிறது. துப்பாக்கி எடுத்தவர்களுக்குக் கொடுக்கும் மரியாதையை அந்தச் சிரிப்புக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். தவிதோவ்ஸ்கி அடுத்த வருஷம் மார்ச்சில், கைதான நண்பனை மீட்கப்போன தாக்குதலில் குண்டடிபட்டு இறந்துபோனார். சுவர்களில் நாம் இன்றும் பார்க்கும், தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்தின் நங்கூரச் சின்னத்தை வரைந்த மாணவி அன்னா ஸ்மோலென்ஸ்கா அதே மாதம் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிர்விட்டார்.

பாதையில் கெட்டோ (யூதர்களை அடைத்து வைத்த பகுதி) சுவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொன்ன வரலாற்று ஆசிரியைக்குத் தனி நன்றி. 1940 நவம்பரில் ஏறத்தாழ 4 லட்சம் யூதர்கள் அந்தச் சுவருக்குள் அடைக்கப்பட்டார்கள். போலந்து மக்களின் துன்பத்தைப் பேசும்போது, அதே ஊரில், அதே ஆண்டுகளில் பக்கத்துத் தெருக்காரர்கள் அழிக்கப்பட்டதை ஓரத்தில் தள்ளிவிடக்கூடாது என்றார். யூதருக்கு அடைக்கலம் கொடுத்தால் குடும்பத்தோடு சாவு என்ற நிலையிலும் கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1942 டிசம்பரில் அதற்கென்றே ஷெகோட்டா என்ற தலைமறைவு அமைப்பு உருவானது. மறைந்திருந்தவர்களைக் காட்டிக்கொடுப்பேன் என்று மிரட்டிக் காசு பறித்தவர்களும் இதே ஊரில்தான் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்தே எழுதச் சொன்னார். கெட்டோவுக்குள் வரலாற்றாசிரியர் ரிங்கல்புளூமும் அவர் தோழர்களும் ரேஷன் அட்டை, சுவரொட்டி, பள்ளிக் கட்டுரை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேகரித்து, தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் புதைத்து வைத்ததைப் பற்றிய பக்கம் முழுக்க அவர் திருத்தியது.

சுவர்களில் பதித்திருக்கும் சாம்பல் நிறக் கல்வெட்டுகளை நாம் தினமும் கடந்து போகிறோம். சிற்பி கரோல் ட்ஹோரெக் 1949-ல் வடிவமைத்தவை. இந்த இடத்தில், இந்தத் தேதியில், இத்தனை பேரைச் சுட்டார்கள் என்பதைத் தவிர அதில் அதிகம் இருக்காது. எங்கள் பாதையில் இருந்த ஒவ்வொன்றையும் வாசித்துத் தமிழாக்கம் செய்தவர்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் பெரிய பிள்ளைகள். கண்ணுகளா, உங்கள் பெயரை அச்சில் போட உங்கள் பெற்றோரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன், அடுத்த பதிப்பில் பாருங்கள்.

மதியச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்ட அக்காக்களையும் அண்ணன்மார்களையும் மறக்க முடியுமா? 1944 ஆகஸ்ட் 1-ல் தொடங்கி 63 நாள் நீடித்த, ஜெர்மானியருக்கு எதிரான வார்சா எழுச்சியின்போது, ஹபர்புஷ் மதுபான ஆலைக் கிடங்கிலிருந்த பார்லியை மூட்டை மூட்டையாகத் தூக்கி வந்துதான் நகர மையத்தில் பசியாறினார்கள். காப்பி அரைக்கும் கையெந்திரத்தில் அரைத்துக் கஞ்சி வைத்தால், உமியைத் துப்பித் துப்பித்தான் குடிக்க முடியும். அதேபோல உமியோடு பார்லி தேடி வாங்கி, உப்பு மட்டும் போட்டுக் காய்ச்சி ஆளுக்கு அரைக் குவளை கொடுத்தீர்கள். தயிர் சாதம் அதற்கு அப்புறம்தான் என்று கண்டிப்பாகவும் இருந்தீர்கள். சின்னப் பிள்ளைகள்கூட முகம் சுளிக்காமல் குடித்தார்கள்.

அச்சுச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டு பெயர் வேண்டாம் என்று சொன்ன அண்ணனுக்கும், எழுத்துப் பிழை பார்த்த மதுரைத் தம்பிக்கும், தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு கடைசி வரை வந்த இளம் தம்பதிக்கும் நன்றி.

அடுத்த நடை ஆகஸ்ட் 1 அன்று. மாலை 5 மணிக்கு எழுச்சி தொடங்கிய நேரத்தில் ஊர் முழுக்கச் சங்கு ஊதும், வாகனங்கள் நிற்கும். அதனால் மூன்று மணிக்கே கிளம்பிவிடலாம். கையேடு கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது. வேண்டுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெயில் இருக்கும், பிள்ளைகளுக்குத் தொப்பியும் தண்ணீரும் எடுத்து வாருங்கள்.

மிக்க அன்புடன்,
உங்களில் ஒருவர்